டேப்பு ஒட்டினால் பெயிண்டர் இல்லையா?

"டேப்பு ஒட்டிக் கோடு போடறவன்லாம் ஒரு பெயிண்டரா சார்? அந்தக் காலத்துல கை ஒண்ணுதான். சர்ருனு இழுத்தான்னா ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கும்."

நாகேஸ்வர ராவ் பூங்காவில் இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் வாயிலிருந்து இதைக் கேட்டுவிட்டேன். மூவரும் என் வயதுக்காரர்கள். மூவரும் தம் வாழ்நாளில் பிரஷ்ஷைக் கையில் பிடித்து ஒரு ஜன்னல் கம்பிக்குக்கூட வர்ணம் அடித்தவர்கள் இல்லை. எனக்கு இது வெறும் பூங்காப் பேச்சாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு அடுத்த சுற்று நடந்திருப்பேன். ஆனால் இந்தப் பேச்சை வைத்துத்தான் எங்கள் குடியிருப்பில் இரண்டு பையன்களின் கூலியில் 4000 ரூபாய் கை வைத்திருக்கிறார்கள். ஆகையால் எழுதுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். எங்களுடையது மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் எட்டு வீட்டுக் கட்டடம். பொதுப் படிக்கட்டுக்கு வர்ணம் அடித்தார்கள். மேலே கிரீம் எமல்ஷன், கீழே மூன்றரை அடி உயரத்துக்குப் பழுப்பு எனாமல். சென்னையில் பாதிப் படிக்கட்டுகள் இப்படித்தான் இருக்கும். கை வைத்தாலும் சைக்கிள் சாய்த்தாலும் அழுக்குத் தெரியாது. இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு முதல் மாடித் திருப்பத்திலும் இரண்டாம் மாடியிலும் நான்கைந்து இடங்களில் பல்லிளிக்கிறது. பழுப்பு மேலே ஏறியிருக்கிறது, கிரீம் கீழே வழிந்திருக்கிறது. நேர்த்தியாக இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கமிட்டி கூடி, "ஃபினிஷிங் சரியில்லை" என்று பில்லில் 4000 பிடித்தது. மேஸ்திரி அந்தத் தொகையைத் தன் பையிலிருந்தா கொடுப்பார்? படிக்கட்டில் நின்று வேலை பார்த்த இரண்டு பையன்களின் கணக்கில் எழுதிவிட்டார்.

அந்தப் பையன்களில் ஒருவன் வேலை ஆரம்பித்த அன்று காலையில் கமிட்டிச் செயலாளரிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். "சார், நாலு ரோல் மாஸ்கிங் டேப் வாங்கிக் குடுத்தீங்கன்னா கோடு சுத்தமா வரும்." அதற்குக் கிடைத்த பதில்: "அதெல்லாம் எதுக்குப்பா, கையிலேயே அடிச்சுடு. உங்க அப்பால்லாம் டேப்பா ஒட்டினாங்க?"

கேட்டவனுக்குக் கருவியை மறுத்துவிட்டு, கருவி இல்லாமல் செய்த வேலையில் குறை கண்டு கூலியைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, அந்த 'அப்பா'க்களைப் பற்றியே முதலில் பேசுவோம். பழைய காலத்துப் பெயிண்டர் வெறுங்கையால் கோடு போட்டார் என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம். நான் சிறுவனாகப் புதுச்சேரியில் இருந்தபோது, துய்மா வீதிப் பக்கத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதை மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன். மஞ்சள் சுவர், ஜன்னலைச் சுற்றி வெள்ளைப் பட்டை, மேலே கார்னிஸில் வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டைகள் கண்ணை அறுக்கும் நேர்த்தியோடு இருக்கும். எப்படிப் போட்டார்கள்? முதலில் நூல் அடிப்பார்கள். நீலப் பொடியிலோ கரித்தூளிலோ தோய்த்த நூலை ஒருவர் இந்த முனையிலும் இன்னொருவர் அந்த முனையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவில் விரலால் சுண்டினால் சுவரில் கோடு விழும். நிமிர்ந்த கோட்டுக்குத் தூக்குக் குண்டு. பிறகு ஓரத்தில் ஒரு தகரத் தகட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு மட்டையால் இழுப்பார்கள். தகட்டின் பின்புறம் சுண்ணாம்பு சேர்ந்தால் அதைத் துடைக்கவே ஒரு சின்னப் பையன் கூட இருப்பான். ஒரு பட்டைக்கு மூன்று ஆள்!

விளம்பரப் பலகை எழுதியவர்களும் அப்படித்தான். லஸ் முனையிலும் மவுண்ட் ரோடிலும் ஏணி மேல் நின்று ஆளுயர எழுத்து எழுதியவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடது கையில் ஒரு நீளக் குச்சி, அதன் நுனியில் துணிப்பந்து. அந்தப் பந்தைப் பலகையில் ஊன்றி, குச்சியின் மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துத்தான் எழுதுவார்கள். கை நடுங்காதது வரம் அல்ல, குச்சி. நூல், குண்டு, தகடு, குச்சி இவையெல்லாம் கருவி என்றால் டேப்பு மட்டும் எப்படிக் கள்ளத்தனம் ஆயிற்று?

"மாமி கோலம் போடறா, டேப்பா ஒட்டறா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி என்று அவருக்கே பெருமை. வாசலில் போடும் கோலம் மறுநாள் விடியற்காலை தண்ணீர் தெளித்தால் போய்விடும். இழை கொஞ்சம் தடித்தால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். படிக்கட்டுக் கோடு அடுத்த ஏழு வருஷத்துக்கு, கமிட்டியின் தாராள குணத்தை வைத்துப் பார்த்தால் பத்து வருஷத்துக்கு, தினம் நாலு தடவை நம் கண்ணில் படும். இரண்டும் ஒன்றல்ல. தவிரவும், ஐம்பது வருஷம் தினமும் கோலம் போட்ட கையை, வேலைக்கு வந்து ஒன்றரை வருஷமான பையனின் கையோடு ஒப்பிடுவதே அநியாயம்.

இந்த டேப்பு பிறந்த கதையே ஓர விளிம்புச் சண்டையில்தான் ஆரம்பிக்கிறது. 1920களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார் மோகம். பிற்காலத்தில் பம்பாயில் கறுப்பு உடம்பும் மஞ்சள் தலையுமாக ஓடிய டாக்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறம் அடித்துக் காய்ந்ததும் அதன்மேல் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி மறைத்துவிட்டு அடுத்த நிறம் அடிப்பார்கள். காகிதத்தை உரிக்கும்போது முதல் நிறமும் கூடவே உரிந்து வந்துவிடும். திரும்ப முதலிலிருந்து வேலை. மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்துப் பட்டறை ஒன்றில் பெயிண்டர்கள் இப்படிச் சபித்துக்கொண்டிருந்ததை ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் பார்த்தார். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு, பாஞ்சோ வாசித்துக்கொண்டிருந்த ஆள். அப்போது உப்புத்தாள் கம்பெனியாக இருந்த த்ரீ எம்மில் வேலை. பட்டறைக்குப் போனதும் உப்புத்தாளைச் சோதிக்கத்தான். நான் உங்களுக்கு ஒரு டேப்பு செய்து தருகிறேன் என்று கிளம்பியவர், 1925இல் செய்து முடித்தார். சுருக்கம் விழுந்த கிரேப் காகிதம், வளைவில் இழுத்தாலும் வளையும். ஒட்டவும் ஒட்டும், உரித்தால் வந்தும்விடும். முதலில் செய்த டேப்பில் ஓரங்களில் மட்டும் பசை தடவியிருந்தார்களாம். அது கழன்று விழ, "உங்க கஞ்ச முதலாளியிடமே கொண்டு போ" என்று ஒரு பெயிண்டர் திட்டினதில்தான் 'ஸ்காட்ச்' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த ஊரில் ஸ்காட்லாந்துக்காரன் என்றால் கஞ்சன் என்று கேலி. கதை நிஜமோ இல்லையோ, எங்கள் கமிட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டிய கதை.

கவனியுங்கள்: இது வேலை தெரியாதவனுக்காகப் பிறந்த பொருள் அல்ல. கார் பட்டறையில் இருந்தவர்கள் தேர்ந்த கைக்காரர்கள். அவர்களுக்காகத்தான் பிறந்தது.

இப்போது என் பழைய தொழிலுக்கு வருகிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கட்டடப் பராமரிப்பு பில்கள் பல வருஷம் என் மேஜை வழியாகத்தான் போயின. வர்ண வேலை பில் என்றால் 'எம் புக்' எனப்படும் அளவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்ப்போம். அளவு எடுக்கும் முறைக்கு ஐ.எஸ். 1200 என்று ஒரு இந்தியத் தரம் இருக்கிறது. அதன் 15-ஆம் பகுதி வர்ண வேலைக்கு. பேனல் கதவு என்றால் அதன் தட்டைப் பரப்பைப் பக்கத்துக்கு 1.30 ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் மேடு பள்ளம் அதிகம். முழுக் கண்ணாடிக் கதவு 0.80. சாய்வுப் பட்டை வைத்த கதவு 1.80. எவ்வளவு நியாயமான கணக்கு பாருங்கள். எழுத்து எழுதினால் ஒரு எழுத்துக்கு, அதன் உயரம் எத்தனை சென்டிமீட்டரோ அத்தனைக்கு ரேட் உண்டு. ஆனால் இரண்டு நிறம் சந்திக்கும் விளிம்புக்கு? தனி ரேட் கிடையாது. அது சதுர மீட்டர் ரேட்டுக்குள்ளேயே அடக்கம். போதாக்குறைக்கு, மத்தியப் பொதுப்பணித் துறை விவரக் குறிப்பில் வெள்ளையடிப்புக்கு ஒரு ஷரத்து: கதவு, ஜன்னல், தரை இவற்றில் தெறிக்காமல் பாதுகாக்க வேண்டும், தெறித்தால் ஒப்பந்தக்காரர் தம் செலவில் துடைக்க வேண்டும்.

சர்க்காரிலாவது மேலதிகாரி, ஷரத்து, கையெழுத்து என்று ஏதோ இருக்கிறது. நம் வீடுகளில்? "சதுர அடிக்கு எவ்வளவுப்பா?" என்பதோடு பேச்சு முடிந்தது. சதுர அடிக்குக் கூலி என்றால் ரோலரை எடுத்து மள மளவென்று நடுச்சுவரை முடிப்பவனுக்குத்தான் லாபம். ஓரத்தில் நின்று நிதானமாகக் 'கட்டிங்' அடிப்பவனுக்கு நஷ்டம்.

ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 12க்கு 10, உயரம் 10 அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், தரையிலிருந்து எழும் ஓர் அலமாரி, இரண்டு சுவிட்ச் போர்டு. நான் நேற்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுவரும் கூரையும் சேரும் ஓரம் 44 அடி. கதவும் அலமாரியும் போகக் கீழே ஸ்கர்ட்டிங் ஓரம் 36½. கதவு நிலை மூன்று பக்கமும் 17½. நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டுக்கு 32. அலமாரிக்கு 18. போர்டு இரண்டைச் சுற்றி 6. மொத்தம் 154 அடி விளிம்பு. கதவு ஜன்னல் அலமாரி கழித்தால் சுவர்ப் பரப்பு ஏறக்குறைய 355 சதுர அடி. அந்த 355க்குப் பணம் கொடுக்கிறோம். 154க்கு ஒரு பைசா கிடையாது. ஆனால் வேலை முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாம் போய்ப் பார்ப்பது எதை? அந்த 154ஐத்தான்.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரோல் 20 மீட்டர், அதாவது சுமார் 65 அடி. 154 அடிக்கு மூன்று ரோல் போதும். ஒரு அறைக்கு ஆகும் பெயிண்ட் டின் விலையோடு பார்த்தால் இது சில்லறைக் காசு. இதைத்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம்.

என்னைப் பிரெஞ்சு மீடியத்தில் படிக்க வைத்தார்கள். அந்தப் பள்ளியில் மைப் பேனாவால் எழுதும்போது எழுத்தின் ஓரத்தில் மை கசிந்தால் அதற்கு 'பவ்யூர்' என்று பெயர். வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பார். நாங்கள் பையன்கள் அதைப் 'பாவியூர்' ஆக்கிவிட்டோம். ஆனால் அதே வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் மை ஒற்றும் தாள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிக்டேஷனை ஆரம்பிப்பார். அதே சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் போலீஸ் செய்யும் அத்துமீறலுக்கும் பயன்படுத்துகிறார்கள். எல்லை தாண்டி வழிந்த அதிகாரம் என்று வைத்துக்கொள்ளலாம். படிக்கட்டில் இரண்டு பவ்யூர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று பழுப்பு நிறத்தில் இருக்கிறது. இன்னொன்று 4000 ரூபாய்.

டேப்பு ஒட்டினாலும் கசியத்தான் கசியும் என்று சொல்பவர்களும் உண்டு. கசியும், ஒட்டத் தெரியாமல் ஒட்டினால். இதிலும் கை வேண்டும், அதுதான் என் கட்சி. பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்த சுவரில் மாவு படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் ஒட்டினால் டேப்பு மாவில்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது. அடிநிறம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எமல்ஷன் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நாளாவது விட வேண்டும்; ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இன்னும் அதிகம். ஒட்டிய பிறகு ஓரத்தை நகத்தாலோ பழைய ஏ.டி.எம். கார்டாலோ அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அதற்கு மேல் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதைத் தெரிந்தவர்கள் குறைவு. டேப்பு ஒட்டியதும் நேரே பழுப்பு அடிக்கக் கூடாது. முதலில் அந்த ஓரத்தில் பழைய கிரீமையே மெல்லியதாக ஒரு தடவை அடிக்க வேண்டும். டேப்பின் அடியில் ஏதாவது கசிந்தால் கிரீமின் மேல் கிரீம்தான் கசியும், கண்ணுக்குத் தெரியாது. அதுவே சந்தை அடைத்துவிடும். அது காய்ந்தபின் பழுப்பு அடித்தால் உள்ளே போக வழியில்லை. கடைசிக் கோட்டிங் முழுதும் இறுகும் முன், டேப்பைத் தன்மேலேயே மடித்து 45 டிகிரி சாய்வில் மெதுவாக உரிக்க வேண்டும். காயவிட்டு உரித்தால் எனாமல் தோலாக இழுத்துக்கொண்டு வரும். அப்போது பிளேடால் ஓரத்தைக் கீறிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வெயில் படும் சுவரில் சாதாரண டேப்பை நாள் கணக்கில் விட்டால் பசை தங்கிவிடும். நீல நிறத்தில் ஒன்று 1988இல் வந்தது. அதை இரண்டு வாரம் விட்டாலும் சுத்தமாக வரும் என்கிறார்கள், விலை கூட. பார்சல் ஒட்டும் பிரவுன் டேப்பைச் சுவரில் ஒட்டச் சொல்லும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அது பெயிண்டையும் பட்டியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

இதையெல்லாம் செய்பவன் பெயிண்டர் இல்லையென்றால் யார்?

எல்லாச் சுவருக்கும் டேப்பு என்று நான் சொல்லவில்லை. கபாலீசுவரர் கோயில் மதிலில் ஓடும் காவியும் வெள்ளையுமான பட்டைக்கு டேப்பு வேண்டாம். அது சுண்ணாம்பின் மேல் போடுவது. சுண்ணாம்புக்கும் டிஸ்டம்பருக்கும் மேல்தோல் மாவு மாதிரி. டேப்பு ஒட்டாது, ஒட்டினால் தோலை உரித்துவிடும். குளத்துக்கு அருகே சந்து ஒன்றில் மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீட்டில், திண்ணைச் சுவருக்குக் காவிப் பட்டை போட ஒரு அலங்கார கோஷ்டி வந்தது. அளவெடுத்து, டேப்பு ஒட்டி, பளபளவென்று எமல்ஷனில் அடித்தார்கள். உரித்தபோது தலைமுறை தலைமுறையாக ஏறிய சுண்ணாம்பும் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. அங்கே நூல் அடித்து, காவியைக் கரைத்து, கையால்தான் இழுக்க வேண்டும். ஓரம் கொஞ்சம் நடுங்கினாலும் அந்தச் சுவருக்கு அதுவே அழகு. எந்தச் சுவருக்கு எது என்று தெரிவதுதான் தொழில். அதைத் தீர்மானிக்க வேண்டியவன் பெயிண்டர்; பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாம் அல்ல.

கடைசியாக ஒரு வேடிக்கை. "கையிலேயே அடிச்சுடு" என்று சொன்ன அதே கமிட்டிப் பெரியவர், போன வருஷம் மகன் அமெரிக்காவிலிருந்து வருவதற்கு முன் தன் வீட்டுக்குள் போனில் புக் செய்யும் கம்பெனியை வைத்து வர்ணம் அடித்தார். டீ ஷர்ட் போட்ட ஆட்கள் வந்தார்கள். தரைக்கு பிளாஸ்டிக் விரிப்பு, சோபாவுக்கு உறை, ஓரமெல்லாம் டேப்பு. பில்லில் 'மாஸ்கிங், கவரிங்' என்று தனி வரி. பேரம் பேசாமல் கட்டினார்; என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க சார், எவ்வளவு ப்ரொஃபஷனல்!" டீ ஷர்ட்காரர் ஒட்டினால் ப்ரொஃபஷனல், லுங்கியை மடித்துக் கட்டியவன் கேட்டால் வேலை தெரியாதவன். சார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் கூட்டம். நான் ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். பிடித்த 4000ஐ மேஸ்திரி கையில் கொடுக்காமல், அவர் முன்னிலையில் அந்த இரண்டு பையன்களிடமே கொடுக்க வேண்டும். சங்கச் செலவில் டேப்பு வாங்கி, அவர்களுக்கு ஒரு நாள் கூலியும் கொடுத்து அந்தக் கோட்டைச் சரி செய்யச் சொல்ல வேண்டும். அடுத்த முறை எஸ்டிமேட்டில் சதுர அடிக்குக் கீழே 'விளிம்பு வேலை, ரன்னிங் அடிக்கு' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். எட்டு வீட்டில் ஐந்து கையெழுத்து வேண்டும். என்னுடையதையும் சேர்த்து மூன்று ஆகிவிட்டது. தரைத்தள மாமி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இந்தப் பதிவைக் கமிட்டிப் பெரியவரும் படிப்பார் என்று தெரியும். சார், படிக்கட்டில் இறங்கும்போது முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று, அந்தக் கோட்டை நீங்களே ஒரு அடி நீளத்துக்கு வெறுங்கையால் போட்டுப் பாருங்கள். பிரஷ்ஷும் மிச்சப் பழுப்பும் மீட்டர் போர்டு அறையில் இருக்கிறது.